ஸ்பிரிங் தூளி செட்: மூத்தது ஓடியாடுகிற வீட்டுக்குச் சரிப்படுமா?

பாத்திரக்கடை வாசலிலும் ஃபேன்சி ஸ்டோர் வாசலிலும் பாலித்தீன் உறைக்குள் தொங்கிக்கொண்டிருக்குமே, அதே செட்தான். ஒரு ஸ்பிரிங், இரண்டு எஸ் கொக்கி, கொஞ்சம் சங்கிலி, துணியை விரித்துப் பிடிக்க ஒரு கட்டை. சிலதில் துணியும் சேர்ந்து வரும். துணி இல்லாத செட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். இரும்பு ஸ்டாண்டோடு கேட்டால் ஆயிரங்களுக்குப் போகும். தூளி என்பார்கள், ஏணை என்பார்கள், சும்மா தொட்டில் என்பார்கள், சாமான் ஒன்றுதான்.

கைக்குழந்தைக்கு இது நல்ல சாமானா என்றால், அளவோடு வைத்துக்கொண்டால் நல்ல சாமான். வீட்டில் இரண்டு மூன்று வயதில் இன்னொன்று இருந்தால் கேள்வியே வேறு. உறையில் அச்சடித்திருக்கும் எடைக்கணக்கு கைக்குழந்தை ஒன்றை மட்டும் மனதில் வைத்துப் போட்டது. ஆறு மாதக் குழந்தை 7 கிலோ பக்கம் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை 13, 14 கிலோ. "நானும் பாப்பாகூட" என்று மூத்தது ஏறிவிட்டால் 20 கிலோவைத் தாண்டியாயிற்று. அதுவும் பதமாக ஏறி உட்காராது, பொத்தென்று விழும். பொத்தென்று விழுகிற பாரம், அசையாமல் தொங்குகிற பாரத்தைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இழுக்கும். ஆக 40 கிலோ. கை தவறுதலுக்குக் கொஞ்சம் சேர்த்து 50 கிலோ என்று வைத்துக்கொண்டு, அந்த 50 கிலோவைத் தாங்காத எதையும் இந்த மாதிரி வீட்டில் மாட்டக் கூடாது. செட்டின் ஒவ்வொரு உறுப்பையும் இந்தக் கணக்கை வைத்தே பார்ப்போம்.

ஸ்பிரிங்கை எல்லாரும் கம்பியின் தடிப்பைப் பார்த்து வாங்குகிறார்கள். தடித்த கம்பி லேசில் அறாதுதான். ஆனால் 4 கிலோ குழந்தையைப் போட்டால் அது அசையாது. தட்டிவிட்டால் படபடவென்று உதறும். குழந்தை தூங்காமல் முழித்துப் பார்க்கும். பார்க்க வேண்டியது துள்ளலின் வேகம். வாங்கிவந்த அன்றே 5 கிலோ அரிசிப் பையைத் துணியில் வைத்துத் தொங்கவிட்டு, நாலு விரற்கடை கீழே இழுத்து விடுங்கள். 10 நொடியில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 10, 12 தடவை என்றால் தாலாட்டுக்கு ஏற்ற ஸ்பிரிங். 20-ஐத் தொட்டால் கைக்குழந்தைக்கு ஆகாத விறைப்பு, கடைக்காரரிடமே மாற்றிவிடலாம். 10 நொடிக்கு 11 தடவை துள்ளுகிற ஸ்பிரிங்கில், குழந்தை ஒரு கிலோ கூடினால் தூளி சுமார் 4 செ.மீ. தாழும். மூன்று நாலு மாதத்தில் துணி தரையைத் தொடுகிற மாதிரி வந்துவிடுவதற்கு இதுதான் காரணம், "ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு" என்பது இல்லை. சங்கிலியில் இரண்டு கண்ணி ஏற்றி மாட்டினால் தீர்ந்தது.

உண்மையிலேயே தளர்ந்துபோன ஸ்பிரிங்கைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாரம் எதுவும் இல்லாமல் கையில் வைத்துப் பாருங்கள். நல்ல ஸ்பிரிங்கில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எங்காவது இரண்டு சுற்றுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது ஒருதடவையாவது தாங்கமுடியாத பாரத்தில் இழுபட்டிருக்கிறது. இனி அதைக் கதவு இழுக்கத்தான் பயன்படுத்தலாம்.

சில செட்டுகளில் ஸ்பிரிங்குக்கு உள்ளேயே ஒரு சங்கிலியோ கயிறோ ஓடும். ஸ்பிரிங் அறுந்தாலும் தூளி கீழே விழாமல் பிடித்துக்கொள்ள அது. அது இருக்கிற செட்டுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுத்து வாங்கலாம். இல்லாவிட்டால் இரும்புக்கடையில் 10 மி.மீ. நைலான் கயிறு ஒன்றரை மீட்டர் வாங்கி நாமே கட்டிவிடலாம்: மேல் கொக்கியிலிருந்து கீழ் வளையம்வரை, 10 கிலோ தொங்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு நீளுமோ அந்த நீளத்துக்கு. கைக்குழந்தை ஆடும்போது கயிறு தொளதொளவென்று கிடக்க வேண்டும். மூத்தது ஏறினால் கயிறு விறைத்து, ஸ்பிரிங் அதற்குமேல் இழுபடாமல் காப்பாற்றும். செட்டில் நாம் செய்கிற திருத்தங்களில் முதலிடம் இதற்குத்தான்.

ஸ்பிரிங் சுற்றுக்குள் விரல் மாட்டும், அம்மாவின் தலைமுடி மாட்டும். பழைய முழுக்கைச் சட்டையின் கையை வெட்டி உறை மாதிரி மாட்டி, மேல் முனையை மட்டும் கட்டிவிட்டால் போதும். கீழ் முனையையும் கட்டினால் ஒவ்வொரு துள்ளலுக்கும் துணி இழுபட்டுக் கிழியும். வாரத்துக்கு ஒருநாள் அந்தச் சட்டைக்கையை ஏற்றிவிட்டுத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு முலாம் சீக்கிரம் உரியும். கீச்சுச் சத்தத்துக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறார்கள். அது தூசியைப் பிடித்துப் பிசினாகும், வெயில் நாளில் சொட்டும். கொக்கி உரசுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் வாஸலின் தடவினால் போதும்.

செட்டிலேயே மட்டமான சரக்கு எஸ் கொக்கிகள்தான். பாரம் விழவிழ வாய் அகலும். இன்று ஒரு மயிரிழை, அடுத்த மாதம் ஒரு பென்சில் நுழைகிற அளவு. சங்கிலி மெல்ல நுனிக்கு வந்து ஒருநாள் கழன்றுவிடும். இரண்டு கொக்கியையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இரும்புக்கடையில் 8 மி.மீ. டி ஷாக்கிள் (D வடிவ இரும்பு வளையம்) இரண்டு வாங்குங்கள். திருகாணி போட்டு மூடுகிற வகை; திருகாணி தானாகத் தளராமல் இருக்க அதன் கண்ணில் மெல்லிய கம்பி ஒரு சுற்று. கூடவே ஒரு சுழல்வளையம் சேர்த்தால் துணி முறுக்கிக்கொள்ளாது. முறுக்கிக்கொண்ட தூளியில் குழந்தையின் முகத்தருகே துணி இறுகும், அதனால் இது வசதிக்காக மட்டும் சொல்வதல்ல.

இனி, மாட்டுகிற இடம். செட்டைப் பழி சொல்கிற முக்கால்வாசிச் சங்கதி உண்மையில் மாட்டின இடத்தின் கோளாறு. ஓட்டு வீட்டு உத்திரத்தில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றிக் கட்டுவது இன்றைக்கும் நம்பகமானது. உத்திரத்தில் கரையான் மட்டும் இல்லாமல் இருக்க வேண்டும், தட்டினால் ‘டொக்’ என்று கேட்க வேண்டும். கான்கிரீட் வீட்டில், தளம் போடும்போதே கம்பியோடு கம்பியாகக் கட்டிப் புதைத்த கொக்கி என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். பிறகு துளை போட்டு மாட்டுவதானால் 10 மி.மீ. இரும்பு ஆங்கர் (துளைக்குள் விரிந்து இறுகும் போல்ட்) வேண்டும், அதுவும் பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்குரூவும் கடிகாரம் மாட்டத்தான். ஃபேன் ஓடுகிற கொக்கியிலேயே தூளியையும் மாட்டுவது வேண்டாம். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் தெரிகிற கொக்கி எதுவாயிருந்தாலும், அது மேலே தளம்வரை போகிறதா என்று உள்ளே டார்ச் அடித்துப் பார்க்காமல் தொடவே வேண்டாம். ஜன்னல் கிராதி பரவாயில்லை என்று தோன்றும்; ஆனால் ஆடும்போது சுவரில் இடிக்கும், ஜன்னல் திட்டில் மூத்தது ஏறி நிற்கும். வாசல் நிலையில் கவ்வி மாட்டுகிற இரும்புக் கவ்வி ஒன்று விற்கிறார்கள். மர நிலைக்குப் பிடிக்கிறது, வாடகை வீட்டுக்காரர்களுக்குத் துளை போடுகிற தொல்லை இல்லை. ஆனால் தூளி நடைபாதையிலேயே தொங்கும். மூத்தது ஒரு நாளைக்கு நூறு தடவை அதன் அடியில் புகுந்து ஓடும். ஒரு பிள்ளை வீட்டுக்குச் சரி, இரண்டு பிள்ளை வீட்டுக்கு வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு.

எங்கே மாட்டினாலும் சோதனை ஒன்றுதான். 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, ஸ்பிரிங் இல்லாமல் நேராகக் கொக்கியில், தரைக்கு நாலு விரற்கடை மேலே இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் சிப்பம் தரையைத் தொட்டிருந்தால் கொக்கியோ முடிச்சோ நழுவியிருக்கிறது. கொக்கியைச் சுற்றிப் பூச்சில் மயிர்க்கோடு போல விரிசல் கண்டாலும் அந்த இடத்தை மறந்துவிடுங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, குழந்தை படுத்தபின் துணியின் அடிப்பாகம் தரைக்கு ஒரு அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. "மூத்ததுக்கு எட்டாமல் இருக்கட்டும்" என்று இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கட்டுகிறவர்கள் உண்டு. எட்டாமல் போகாது, ஸ்டூல் போட்டு எட்டும். விழுகிற உயரம்தான் மூன்று மடங்காகும். தாழ்வாகவே கட்டி அடியில் ஒரு மெத்தையைப் போடுங்கள். ஆடுகிற திசையில் இருபக்கமும் மூன்று அடி காலியாக இருக்க வேண்டும். கட்டில் முனை, பீரோ கைப்பிடி, தையல் மிஷின் எதுவும் அந்த வட்டத்துக்குள் வரக் கூடாது.

துணிக்கு வருவோம். இதில் அந்தக் காலத்துப் பருத்திச் சேலையை மிஞ்ச எதுவும் வரவில்லை. சேலையை நீளவாக்கில் இரண்டாக மடித்துக் கட்டினால், முடிச்சுப் போக ஒரு மீட்டருக்குமேல் ஆழம் கிடைக்கும்; குழந்தை உள்ளே நன்றாக இறங்கிப் படுக்கும், புரண்டாலும் விளிம்புக்கு வராது. நைலக்ஸ், பாலியஸ்டர் சேலைகள் வழுக்கும், முடிச்சு தானாக நழுவும், காற்றும் போகாது. பழைய துணிதான் மெத்தென்று இருக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் எவ்வளவு பழையது? வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை இழையாக ஜன்னல் மாதிரி தெரிகிற சேலை வேண்டாம். மடிப்பு விழுந்து விழுந்து நைந்த கொசுவப் பகுதி முடிச்சுக்குள் வரக் கூடாது, முதலில் கிழிவது அங்கேதான். இரட்டை முடிச்சுப் போட்டு, வால் ஒரு சாண் விட்டு, இரண்டு கையாலும் உங்கள் பாரத்தைப் போட்டு இழுத்து இறுக்குங்கள். குழந்தையின் பாரத்தில் முடிச்சு இறுகட்டும் என்று விடக் கூடாது.

எத்தனை துணி வேண்டும்? நாலு. ஒன்று மேலே, ஒன்று வாளியில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஆறு துணியாவது வேண்டும். சேலை கனம், ஃபேனடியில் போட்டாலும் ஒரு நாள் எடுக்கும். செட்டோடு வரும் ஜிப் வைத்த வலைத்துணி, துவைத்தவுடன் காய்ந்துவிடும் என்பதும் கொசு வராது என்பதும் மெய்தான். அதை மாட்டுகிற காதுகளில் தையல் இரட்டையா என்று பாருங்கள்; ஒற்றைத் தையலாக இருந்தால் தையற்கடையில் கொடுத்து நாடா வைத்துப் பெட்டித்தையல் (சதுரமாக ஓட்டி நடுவே குறுக்காகப் போடும் தையல்) போட்டு வாங்கிவிடலாம். அதன் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஜிப்பை மூடுவது மூன்று வயதுப் பிள்ளைக்கு மிகப் பிடித்தமான வேலை, திறப்பது அவ்வளவு சுலபமாக வராது. வலைக்குள் குழந்தை என்ன செய்கிறது என்பதும் அரையிருட்டில் தெரியாது.

கட்டை என்பது அலங்காரத்துக்கு இல்லை. அது இல்லாவிட்டால் துணியின் இரு விளிம்பும் குழந்தையின் முகத்துக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்து மூடிக்கொள்ளும். செட்டில் வருவது பெரும்பாலும் ஒரு அடிக்குள் இருக்கும். ஒன்றரை அடிக்கட்டை இருந்தால் காற்றும் வரும், முகமும் தெரியும். இரு முனையிலும் துணி நழுவாமல் இருக்கக் காடி (சின்னப் பள்ளம்) வெட்டியிருக்க வேண்டும். காடி இல்லாத கட்டை நழுவி நெற்றியில் விழும். சாயம் அடித்த கட்டையில் சிராய் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

படுக்கவைப்பது பற்றி, இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. தூளியில் குழந்தையின் உடம்பு வில்லாக வளையும். பிறந்த முதல் சில மாதங்களில் கழுத்து நிற்காது. தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சைத் தொட்டால் மூச்சுக்குழல் நெருக்குப்படும். சத்தம் வராது, அழுகை வராது. 10 டிகிரிக்கு மேல் சாய்வான குழந்தைப் படுக்கைகளை விற்கக் கூடாதென்று அமெரிக்காவில் 2022இல் சட்டமே போட்டார்கள். நம் தூளியை நினைத்துப் போட்ட சட்டம் இல்லை, ஆனால் காரணம் இதே தாடைதான். அதனால் பால் குடித்ததும் ஏப்பம் விடவைத்து, கால் மணி நேரம் தோளில் போட்டிருந்து, பிறகு மல்லாக்கப் படுக்கவையுங்கள். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முழங்கால் மடங்கி இரு பக்கமும் விரிய இடம் இருக்க வேண்டும். தலையணை, சுருட்டிய துணி, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் தூளி கட்டவே வேண்டாம்.

தூங்கவைக்கத் தூளி, தூங்குவதற்குத் தரையில் விரித்த கெட்டியான படுக்கை. இப்படிப் பிரித்துக்கொண்டால் சாமானின் நன்மை முழுக்கக் கிடைக்கும், ஆபத்து பெரும்பாலும் விலகும். "இறக்கினால் முழித்துக்கொள்கிறதே" என்பதுதான் எல்லார் வாயிலும் வருவது. தலையை முதலில் வைப்பதால் முழிக்கிறது. விழுகிற உணர்வில் கையை விரித்து உதறும். ஆட்டத்தை நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். கை முஷ்டி தளர்ந்ததும் உங்கள் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, முதலில் பாதம், அப்புறம் இடுப்பு, கடைசியில் தலை. தலையை வைத்தபின்னும் ஒரு கை கொஞ்ச நேரம் அதன் நெஞ்சின்மேல் இருக்கட்டும்.

புரளத் தொடங்கி, கையூன்றி எழும்பப் பார்க்கிற நாளோடு, அதாவது ஆறு மாதத்தை ஒட்டி, தூளியில் விடுவதையே நிறுத்திவிட வேண்டும். உறையில் இத்தனை கிலோவரை என்று எழுதியிருப்பதைக் காட்டி இரண்டு வயதுவரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங் தாங்கும், எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்க்கிற குழந்தையைத் துணி தாங்காது, கவிழ்த்துவிடும்.

மூத்தது விஷயம். காலியாகத் தொங்குகிற தூளிதான் அதற்கு எமன். நம்மூர்ச் செய்தித்தாள்களில் சேலைத் தொட்டிலில் விளையாடிய பிள்ளை கழுத்து இறுகி இறந்துபோன செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அநேகமாக எல்லாமே துணி முறுக்கி விளையாடியதில் நடப்பவை. குழந்தையை எடுத்த கையோடு துணியைச் சுருட்டி ஷாக்கிளுக்கு மேலே செருகிவிடுங்கள். கழற்றி எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. படுத்தபடியே ஆட்டுவதற்காகத் தூளியிலிருந்து கட்டிலுக்குக் கயிறு கட்டுகிற வழக்கத்தை மூத்தது இருக்கிற வீட்டில் விட்டுவிட வேண்டும். தொங்குகிற எந்த முனையும் ஒரு சாணுக்கு மேல் இருக்கக் கூடாது.

"தொடாதே" என்று மட்டும் சொன்னால் நாம் அடுப்படிக்குப் போனதும் தொடும். நாற்காலிக் கைப்பிடியில் கைக்குட்டையால் அதன் பொம்மைக்கு ஒரு தூளி கட்டிக்கொடுங்கள். பாப்பா தூளியில் அதற்கென்று ஒரு வேலையும் கொடுங்கள்: பக்கவாட்டில் நின்று ஒரு கையால் துணியைத் தட்டுவது, ஆராரோ பாடுவது. நிற்கிற இடத்தில் தரையில் ஒரு கோலப்பொடிக் கோடு. ஆடுகிற திசைக்கு எதிரே நின்றால் தூளி சரியாக அதன் முகத்தில்தான் வந்து இடிக்கும், இரண்டும் சேர்ந்து அழும்.

கொக்கிக்கே வழியில்லாத வீட்டுக்கு இரும்பு ஸ்டாண்ட். கால்கள் நாலு அடிக்குக் குறையாமல் விரிய வேண்டும். குழாய்க்குள் குழாய் செருகுகிற வகையில், பட்டன் முழுசாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று ஒவ்வொரு மூட்டிலும் அழுத்திப் பாருங்கள். வாரம் ஒருதடவை ஸ்பானர் போட்டு நட்டை முறுக்க வேண்டும். கைக்குழந்தை பாரத்துக்குக் கவிழாது. மூத்தது பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் கவிழும், வழவழப்பான டைல்ஸ் தரையில் நகரவும் செய்யும். ஆடாத பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மேல் கம்பியை ஜன்னலோடு ஒரு கயிறு போட்டுக் கட்டினால் ஓரளவுக்கு ஒப்பேற்றலாம். மோட்டார் வைத்த தூளி வேண்டியதில்லை. அது ஆட்டிக்கொண்டிருக்கிற தைரியத்தில்தான் ஆள் அடுத்த அறைக்குப் போகிறார்கள், அதன் வயரை மூத்தது இழுக்கிறது.

உறவில் யாராவது "எங்க பிள்ளைக்கு வாங்கினது, சும்மாதான் கிடக்கு" என்று கொடுத்தால் கட்டையை மட்டும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிங் என்றால் சுற்றுகளுக்கு நடுவே வெளிச்சம் பார்த்து, 5 கிலோ அரிசியோடு எண்ணிப் பார்த்த பிறகு. எஸ் கொக்கியை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.